சிம் ரேசிங் அணிக்கு லிவரி: நான்கு வழிகளில் எது?

கணினி விளையாட்டில் கார்ப் பந்தயம் ஓடும் சிம் ரேசிங் அணி ஒன்றைத் தொடங்கியதும் முதலில் சூடுபிடிக்கும் விவாதம் காரின் லிவரி (காரின் மேல் இருக்கும் நிறம், பெயர், எண், சின்னம் எல்லாம் சேர்ந்த தோற்றம்) பற்றியதாகத்தான் இருக்கும். எந்த நிறம், பெயர் எங்கே, எண்ணுக்கு என்ன எழுத்துரு என்று ஆளுக்கொரு படத்தை அனுப்பத் தொடங்குவார்கள். ஆனால் நிறத்துக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த லிவரியை எந்த வழியில் உருவாக்கப் போகிறோம்? விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பெயிண்ட் பகுதியைப் பயன்படுத்தலாம். பிரவுசரில் இயங்கும் லிவரிக் கருவி ஒன்றை நாடலாம். காரின் டெம்ப்ளேட்டை (தீட்டுவதற்கான தட்டையான மாதிரிப் படத்தை) இறக்கிக்கொண்டு ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ நாமே தீட்டலாம். அல்லது இதையே தொழிலாகச் செய்யும் வடிவமைப்பாளரிடம் பணம் கொடுத்து ஒப்படைக்கலாம். நான்கும் நல்ல வழிகள்தான். நான்கும் ஒரே அணிக்குப் பொருந்தாது.

தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் எந்தக் கருவியில் அதிகம் செய்ய முடியும் என்று பார்க்கிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பந்தயம் முழுவதும் ஓட்டுநர் பார்ப்பது ஸ்டீயரிங், டேஷ், எதிரே விரியும் தடம், இவ்வளவுதான். அவருடைய காரைப் பார்ப்பவர்கள் பின்னால் துரத்தி வருபவர், முன்னால் போய்க்கொண்டே கண்ணாடியில் கவனிப்பவர், நேரலையில் வர்ணனை செய்பவர், அந்த நேரலையைப் பார்க்கும் ரசிகர். லிவரி முழுக்க முழுக்கப் பிறர் கண்ணுக்கானது. ஆகவே முதல் கேள்வி, நாம் தீட்டியது அவர்களுடைய திரையை எப்படிச் சென்றடையும் என்பதே.

2020 ஜூன் 13, 14 தேதிகளில் நடந்த லே மான் 24 மணி நேர மெய்நிகர் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். கொரோனாவால் பிரான்சில் நடக்கும் உண்மையான லே மான் பந்தயம் செப்டம்பருக்குத் தள்ளிப்போன ஆண்டு அது. ஆர்ஃபேக்டர் 2 என்ற சிம் ரேசிங் விளையாட்டில் 50 கார்கள், 200 ஓட்டுநர்கள். மேல் பிரிவில் ஓடிய அத்தனை கார்களும் ஒரே மாடல், ஒரெகா 07. உருவத்தில் ஒன்றுக்கொன்று எள்ளளவும் வேறுபாடு கிடையாது. எது எந்த அணி என்று பிரித்துக் காட்டியது லிவரி மட்டுமே. சாதாரண லீக் பந்தயங்களிலும் நிலைமை இதுதான். கார் எல்லோருக்கும் பொது. மேலே இருக்கும் வண்ணம் மட்டும்தான் அணியினுடையது.

கோப்பு எப்படிப் பயணிக்கிறது

ஐரேசிங் என்ற சிம் ரேசிங் விளையாட்டில், விளையாட்டுக்குள் தேர்ந்தெடுக்கும் வடிவமும் நிறங்களும் உடன் ஓடும் எல்லோருக்கும் தானாகவே தெரியும். கையால் தீட்டிய லிவரியோ நம் கணினியில் டிஜிஏ என்ற வகைப் படக் கோப்பாக உட்கார்ந்திருக்கும். ஐரேசிங் அதைப் பிறருக்கு அனுப்புவதில்லை. அந்த வேலையை டிரேடிங் பெயிண்ட்ஸ் என்ற தனிச் சேவை செய்கிறது. அங்கே நம் லிவரியை ஏற்றிவிட்டால், அதன் செயலியை நிறுவியிருப்பவர் நம்மோடு ஒரே செஷனில் நுழையும்போது அவருடைய கணினியில் அது தானாக இறங்கிவிடும். செயலி இல்லாதவருக்கு, விளையாட்டுக்குள் நாம் எப்போதோ தேர்ந்தெடுத்து வைத்த வண்ணமே தெரியும்.

அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற இன்னொரு பந்தய விளையாட்டில் நிலைமை இன்னும் கடினம். அங்கேயும் சொந்த லிவரிக் கோப்புகள் சர்வர் வழியாகப் போவதில்லை. லீக் நடத்துபவர்கள் எல்லா அணிகளின் லிவரிகளையும் சேகரித்து ஒரே தொகுப்பாக்கித் தருவார்கள். ஒவ்வொருவரும் அதைத் தம் கணினியில் உரிய கோப்புறையில் போட்டுக்கொள்ள வேண்டும். போடாதவர் பார்ப்பது விளையாட்டு தரும் அடிப்படை நிறங்களை மட்டுமே. முன்பின் தெரியாதவர்களோடு பொது சர்வரில் ஓடினால், இரவெல்லாம் கண்விழித்துத் தீட்டிய லிவரியை நாமும் நம் அணித் தோழர்களும்தான் பார்த்துக்கொள்வோம்.

2022 மார்ச்சில் வெளிவந்த பிளேஸ்டேஷன் விளையாட்டான கிரான் டுரிஸ்மோ 7இல் இந்தச் சிக்கலே இல்லை. லிவரி விளையாட்டுக்குள்ளேயே உருவாகி, விளையாட்டுக்குள்ளேயே சேமிக்கப்பட்டு, ஆன்லைனில் எல்லோருக்கும் அப்படியே தெரிகிறது.

ஆக, "கையால் தீட்டுவதே உயர்ந்தது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கையால் தீட்டும் அணியும் விளையாட்டுக்குள் இருக்கும் அடிப்படை வண்ணத்தை அக்கறையோடு அமைத்தே தீர வேண்டும். இதைப் பல அணிகள் கண்டுகொள்வதேயில்லை. டிஜிஏ கோப்பில் அழகான மஞ்சளும் கருநீலமும் இருக்கும். அதன் அடியில் தொழிற்சாலை வெள்ளை அப்படியே கிடக்கும். செயலி இல்லாத போட்டியாளருக்கு அந்த அணி இருப்பதே தெரியாது.

விளையாட்டுக்குள் இருக்கும் கருவி

ஐரேசிங்கில் கிடைப்பது குறைவு: தயாராக இருக்கும் வடிவங்களில் ஒன்று, அதற்கு மூன்று நிறங்கள், எண்ணின் வடிவம், சக்கரத்தின் நிறம், சில ஸ்பான்சர் ஸ்டிக்கர்கள். காம்பெடிசியோனேயிலும் தயார் வடிவத்துக்கு மூன்று அடுக்கு நிறங்கள்தான். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் பளபளப்பாக இருக்க வேண்டுமா, பளபளப்பில்லாத மேட்டாகவா, உலோகச் சாயலிலா என்று தனித்தனியே சொல்லலாம். பத்து நிமிட வேலை. எட்டு பேர் இருக்கும் அணியில் எட்டு பேரும் ஒரே நிறக் குறியீடுகளை இட்டால், மறு நிமிடமே அணி ஒரே தோற்றத்துக்கு வந்துவிடும்.

இதை ஏழை வழி என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1968லும் 1969லும் லே மானில் வென்றது ஒரே கார்தான்: 1075 என்ற சேசிஸ் எண் கொண்ட ஃபோர்டு ஜிடி40. அதன் மேல் இருந்தது வெளிர் நீலம், நடுவில் ஆரஞ்சுப் பட்டை, வட்டத்துக்குள் எண். கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் அந்த இரண்டு நிறங்களை அரை நூற்றாண்டு கடந்தும் பந்தய உலகம் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்கிறது. இரண்டு நிறமும் ஒரு பட்டையும் ஒரு காரை இவ்வளவு காலம் தூக்கிப் பிடிக்கும் என்றால், மூன்று நிறங்கள் தரும் கருவியைக் குறை சொல்வதற்கு முன் நம் நிறத் தேர்வைத்தான் பார்க்க வேண்டும்.

அதன் உண்மையான குறை வேறு. அணியின் பெயரை எழுத முடியாது. வர்ணனையாளர் "அந்த ஆரஞ்சு கார்" என்பார். பெயரைச் சொல்ல மாட்டார். ஸ்பான்சர் ஒருவர் கிடைத்தால் அவருடைய சின்னத்தை வைக்கவும் இடமில்லை.

கிரான் டுரிஸ்மோ 7 இங்கே விதிவிலக்கு. அதன் லிவரி எடிட்டரில் காரின் உடல் மீதே நேரடியாக வடிவங்களை ஒட்டி, இழுத்து, திருப்பி, அடுக்கிக்கொண்டே போகலாம். சொந்தச் சின்னத்தை எஸ்விஜி கோப்பாக ஏற்றலாம். கோப்பு 15 கேபிக்குள் இருக்க வேண்டும், எழுத்துகளை முன்கூட்டியே கோட்டுருவாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றியிருக்க வேண்டும். 15 கேபி என்பது சிக்கலான சின்னங்களுக்குப் போதாது. ஆகவே சின்னத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எளிமைப்படுத்தி, தேவையில்லாத புள்ளிகளை நீக்கி, இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து ஏற்றுவார்கள். அந்தக் கட்டாயம் சின்னத்துக்கு நல்லதையே செய்கிறது. பிளேஸ்டேஷனில் மட்டும் ஓடும் அணிக்கு வேறு வழியும் இல்லை, வேறு வழி தேவையும் இல்லை.

பிரவுசரில் இயங்கும் கருவி

டிரேடிங் பெயிண்ட்ஸ் தளத்திலேயே இருக்கும் பெயிண்ட் பில்டர் இந்த வகை. மென்பொருள் எதுவும் நிறுவாமல், வடிவங்களையும் சின்னங்களையும் அடுக்கி வேலை செய்யலாம். ஃபோட்டோஷாப்பைத் தொட்டறியாத ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் பெயரும் எண்ணும் உள்ள லிவரியை முடித்துவிடுவார். ஐரேசிங் மட்டும் ஓடும் சிறிய அணிக்கு இது போதும். அணி நாளை வேறு விளையாட்டுக்கும் போக நினைத்தால், அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

டெம்ப்ளேட்டில் தீட்டுவது

உழைப்பும் பலனும் அதிகம் உள்ள வழி இது. ஐரேசிங் ஒவ்வொரு காருக்கும் ஃபோட்டோஷாப் கோப்பாக ஒரு டெம்ப்ளேட் தருகிறது. திறந்தால் 2048க்கு 2048 பிக்சல் சதுரத்தில் கார், தையற்காரர் வெட்டிப் பரப்பிய ரவிக்கைத் துணியைப் போலத் துண்டு துண்டாகக் கிடக்கும். இடப்பக்கம் ஓரிடத்தில், வலப்பக்கம் தலைகீழாக வேறிடத்தில், கூரை தனி, பம்பர் தனி, காரின் பின்னால் இருக்கும் இறக்கையான விங்கின் ஓரத் தகடுகள் ஒரு மூலையில். கதவில் தொடங்கும் கோடு பின் சக்கர வளைவைத் தாண்டி பம்பரில் தொடர வேண்டுமென்றால், இரண்டு துண்டுகளின் விளிம்பிலும் அது துல்லியமாகச் சந்திக்க வேண்டும். தட்டையான படத்தில் நேராக இருக்கும் கோடு காரின் தோள்பட்டையில் ஏறும்போது வளையும். அதை நேராகக் காட்ட, படத்தில் வளைத்து வரைய வேண்டும். புதியவரை அதிகம் சோர்வடையச் செய்வது இந்த விளிம்பு வேலைதான். டெம்ப்ளேட்டில் காரின் உருவத்தை முக்கோணங்களாகக் காட்டும் கம்பிக் கோட்டு லேயரை எரிய விட்டுக்கொண்டு, முக்கோணங்களை எண்ணி எண்ணி விளிம்பை ஒட்ட வைப்பார்கள். கோப்பை டிஜிஏவாகச் சேமிப்பதற்கு முன் அந்த லேயர்களை அணைத்துவிட வேண்டும். அப்படி அணைக்க வேண்டியவை டெம்ப்ளேட்டில் தனித் தொகுதியாகவே இருக்கும். சேமித்ததும் சிம்முக்குள் கன்ட்ரோலும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தினால் புதிய வண்ணம் உடனே காரில் ஏறிவிடும். தீட்டுவது, பார்ப்பது, திருத்துவது என்று வேலை வேகமாக நகரும்.

எவ்வளவு நுணுக்கம் தாங்கும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. போர்ஷே 911 ஜிடி3 ஆர் போன்ற கார் ஏறக்குறைய 4.6 மீட்டர் நீளம். டெம்ப்ளேட்டின் முழு அகலத்தையும் அதன் பக்கவாட்டுக்கே கொடுத்தாலும் ஒரு பிக்சலுக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதாவது ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு நாலைந்து பிக்சல்தான். அதைப் படிக்க முடியாது. மேலும், மெல்லிய கோடுகள் தூரத்தில் நடுங்கி மினுங்கும். நேரலைக் காணொளி சுருக்கப்படும்போது கரைந்துவிடும். கதவளவு பெரிய எழுத்தும் கையகலப் பட்டையும்தான் கடைசி ரசிகர் வரை போய்ச் சேரும்.

எந்தப் பரப்புக்கு உழைப்பைக் கொடுப்பது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரும்பாலோர் கதவில் மணிக்கணக்காகச் செலவழிக்கிறார்கள். பந்தயத்தில் நம்மைப் பின்தொடர்பவர் பார்ப்பது பின் பம்பரும் விங்கும். முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்ப்பது முன் பம்பரும் முன்கண்ணாடியின் மேல் பட்டையும். உயரமான டிவி கேமராக்களில் கூரை தெரியும். இந்த இடங்களை முதலில் தீட்டி முடித்துவிட்டுக் கதவுக்கு வர வேண்டும். வெவ்வேறு வேகப் பிரிவுகள் ஒன்றாக ஓடும் நீண்ட பந்தயங்களில், நள்ளிரவில் வேகமான கார் பின்னால் வந்து நெருங்கும்போது, நம் காரின் பின்புறம் பளிச்சென்று தெரிவது பாதுகாப்புக்கும் உதவும். முழு மேட் கறுப்பு லிவரி காட்சிக்கூடத்தில் கம்பீரமாக இருக்கும். இரவுத் தடத்தில் இருளோடு கலந்துவிடும். அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

வண்ணத்துக்கு மேல் இன்னொரு அடுக்கும் இந்த வழியில்தான் கைக்கு வருகிறது. ஐரேசிங்கில் ஸ்பெக் மேப் என்ற இரண்டாவது படம் உண்டு. அதில் சிவப்பு உலோகத் தன்மையையும், பச்சை சொரசொரப்பையும், நீலம் மேலே பூசிய தெளிபூச்சையும் கட்டுப்படுத்தும். ஒரே நீல நிறத்துக்குள் அணிச் சின்னம் மட்டும் பளபளக்க, சுற்றிலும் மேட்டாக இருக்கச் செய்ய முடிவது இதனால்தான். காம்பெடிசியோனேயில் ஏற்பாடு எளிது: ஓவியத்துக்கு ஒரு பிஎன்ஜி, ஸ்பான்சர் சின்னங்களுக்குத் தனியே ஒரு பிஎன்ஜி, ஒவ்வொன்றின் பளபளப்பையும் உலோகத் தன்மையையும் அதனதன் சிறிய உரைக்கோப்பில் எண்களாக எழுதிவிடலாம்.

அணியின் பெயரைத் தமிழில் எழுத விரும்புபவர்களுக்கு இந்த வழியை விட்டால் ஐரேசிங்கிலும் காம்பெடிசியோனேயிலும் வேறு நல்ல வழியில்லை. அதிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் தமிழ் ஒழுங்காகவே அமைகிறது. ஆகவே பெயரை இங்க்ஸ்கேப்பில் எழுதி, கோட்டுருவாக மாற்றிக் கொண்டுவருவது நல்லது. ண, ஞ, ஊ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிடும். புள்ளியோ காணாமலே போகும். முக்தா மலர், பாலூ தம்பி, கேட்டமரன் ஆகியவை தடித்த எடைகளிலும் கிடைக்கும் திறந்த உரிம எழுத்துருக்கள். அவற்றில் எழுதி எழுத்துகளுக்கிடையே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டால் தூரத்திலும் படிக்க முடியும். நீண்ட பெயரைக் கதவுக்குள் திணிப்பதைவிட, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரே வரியாக ஓட விடலாம். ஒரு சொல்லாகச் சுருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வடிவமைப்பாளரிடம் ஒப்படைப்பது

கையில் பணமும் ஸ்பான்சரும் உள்ள அணிக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும். தேர்ந்த கைகள் விளிம்புகளையும் பளபளப்பையும் கையாளும் நேர்த்தி உடனே கண்ணில் படும். ஆனால் பேசும்போது விலையை மட்டும் பேசி முடிக்கக் கூடாது. லேயர்களோடு கூடிய மூலக் கோப்பு கிடைக்குமா? ஸ்பெக் மேப் சேர்த்தியா? சீசன் நடுவில் ஸ்பான்சர் மாறினால் யார் திருத்துவது? எண் உள்ள வடிவம், எண் இல்லாத வடிவம் இரண்டும் வருமா? ஐரேசிங்கின் அதிகாரப்பூர்வ பந்தயங்களில் எண்ணைச் சிம்தான் ஒதுக்கும், லீக்கில் நம் எண் நிலையானது. எனவே இரண்டு வடிவங்களும் தேவைப்படும். எழுத்துருவுக்கும் சின்னங்களுக்கும் உரிமை உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். பிரபல நிறுவனங்களின் சின்னங்களை அழகுக்காக ஒட்டிவிட்டு, பிறகு உண்மையான ஸ்பான்சரைத் தேடிப் போகும் அணியை எந்த நிறுவனமும் பொருட்படுத்தாது. மூலக் கோப்பு தர மறுப்பவரிடம், வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் அணியின் முதன்மை லிவரியைக் கொடுக்க மாட்டேன்.

காரையே புதிதாக வடிவமைக்கலாமே என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. 2010இல் கிரான் டுரிஸ்மோ 5க்காக ஃபார்முலா 1 கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி ரெட்புல் எக்ஸ்2010 காரைக் கற்பனை செய்தார். பந்தய விதிகள் எதற்கும் கட்டுப்படாத கார் அது. பழைய அசெட்டோ கோர்சாவில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கொண்டு சொந்தக் காரை உருவாக்கி ஓட்டலாம். படிப்பதற்கும் ரசிப்பதற்கும் அருமையான வேலை. லீக்கில் போட்டியிடும் அணிக்கு அது உதவாது. அங்கே எல்லோரும் ஒரே பட்டியலில் உள்ள கார்களைத்தான் ஓட்ட வேண்டும்.

யாருக்கு எது

முதல் சீசன் தொடங்கும் அணி, அதுவும் பொது சர்வர்களில் அதிகம் ஓடும் அணி, விளையாட்டுக்குள் இருக்கும் கருவியிலேயே மூன்று நிறங்களை முடிவு செய்து ஒரு மாதம் ஓடிப் பார்க்கட்டும். அந்த நிறங்கள் தடத்தில் எடுபடவில்லை என்றால் எந்த டெம்ப்ளேட்டும் அவற்றைக் காப்பாற்றாது. நிலையான லீக்கில் இடம் கிடைத்து, நேரலையும் இருந்தால், டெம்ப்ளேட்டுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. அணியில் ஒருவர் கற்றுக்கொண்டாலே போதும். எல்லோருக்கும் அவரே ஏற்றுமதி செய்து கொடுக்கலாம். நீண்ட பந்தயங்களில் ஓட்டுநர் மாறினாலும் கார் மாறக் கூடாது என்பதால், ஐரேசிங்கில் லிவரியைத் தனி ஓட்டுநரின் எண்ணுக்குப் பதிலாக அணியின் எண்ணில் பதிய வேண்டும்.

இரண்டு மூன்று விளையாட்டுகளில் ஓடும் அணிக்கு என் பரிந்துரை சற்று வேறு. சின்னம், பெயர், எண்கள், நிறக் குறியீடுகள் ஆகியவற்றை முதலில் இங்க்ஸ்கேப்பில் அளவு மாற்றினாலும் சிதையாத வடிவங்களாகச் செய்துகொள்ளுங்கள். அதிலிருந்து ஐரேசிங்குக்கு டிஜிஏ, காம்பெடிசியோனேக்கு பிஎன்ஜி, கிரான் டுரிஸ்மோவுக்கு எஸ்விஜி என்று பிரித்தெடுக்கலாம். கார் மாறினாலும் அணி மாறாது தெரியும். பணம் கொடுத்துச் செய்விப்பதாக இருந்தாலும் இந்த அடிப்படைத் தொகுப்பு அணியின் கையில்தான் இருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதல் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு நண்பர்களைப் பயிற்சி செஷனுக்குள் வரச் சொல்லுங்கள். ஒருவரிடம் லிவரிச் செயலியோ லீக்கின் தொகுப்போ இருக்கட்டும். மற்றவரிடம் எதுவும் இருக்கக் கூடாது. இருவரும் நம் காரைப் பின்னாலிருந்தும் மேலிருந்தும் பிடித்த திரைப் படங்களை வாங்கிக் கைப்பேசியில் சிறிதாக வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் பெயரும் எண்ணும் படிக்க வர வேண்டும். இரண்டாவது படத்தில் நிறத்தை வைத்தே அணி அடையாளம் தெரிய வேண்டும். ஏதாவது ஒன்று தேறவில்லையென்றாலும் திருத்துவதற்கு இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கும்.